குளக்கரைத் துணியில் தைத்த பை

2009 செப்டம்பர் 5
திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் குளிப்பவர்கள் உடுத்திவந்த துணியைத் தோஷத்தோடு கரையில் விட்டுவிட்டுப் புதுத்துணியில் போகிறார்கள். அந்தக் குவியலைத் துவைத்து, பை தைத்து, பிளாஸ்டிக்கை ஒழிக்கப்போகிறதாம் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஒரு பசுமை நிறுவனம். தைப்பவர்கள் காரைக்கால்மேட்டுப் பெண்கள். சுனாமிக்குப் பின் யாரோ கொடுத்த தையல் மெஷின்களுக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கிறது. குழுத் தலைவி அஞ்சுகம், "இனி மீன்கூடை தூக்க வேணாம் சார்" என்றாள். நிர்வாகி ஆனந்தராஜ், சனிப்பெயர்ச்சியன்று பைகள் மக்கள் கைக்குப் போய்விட்டால் வேலை தொடரும் என்றார். போகாவிட்டால்? சிரித்தார்.
பாராட்டிப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன்.

செப்டம்பர் 9
மாதிரிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவி கனகம் வாசலிலேயே மறித்தாள்.
"ஏங்க, ஊரே கழட்டிப் போட்ட சனிய நீங்க பையில புடிச்சிக்கிட்டு வர்றீங்களா?"
சகுனம் பார்க்காதவள் என்று இவளைப் பற்றி எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். பை ஸ்கூட்டரில் தொங்குகிறது.

செப்டம்பர் 14
காரைக்கால்மேடு. அஞ்சுகத்தின் கணவர் செல்லையன் படகுக்குச் சோறு கொண்டுபோவது பிளாஸ்டிக் கவரில்.
"கடலுக்குப் போறவன் சார் நான். அவ தைக்கட்டும், வேணாங்கல. போட்டுல மட்டும் அது ஏறக் கூடாது."
அஞ்சுகம் மெஷினிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: "அந்தக் காசுல வாங்குன டீசல் ஏறலாமா?"
செல்லையனுக்கு அவசரமாக வலை பார்க்கும் வேலை வந்துவிட்டது.

செப்டம்பர் 19
மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று ஆனந்தராஜ் கண்டுபிடித்துவிட்டார். எந்தக் குளக்கரைத் துணி என்று ஒவ்வொரு பையிலும் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார். சுத்தமானது என்று தெரிய வேண்டாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிதீன் உறை.

செப்டம்பர் 26
பெயர்ச்சி. கால் வைக்க இடமில்லை. பைகள் இலவசம். வாங்கினார்கள், அச்சைப் படித்தார்கள், நேரே குளக்கரைக்குப் போய்த் துணியோடு பையையும் விட்டார்கள். உறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் – பிரசாதத்துக்கு ஆகும்.
மறுசுழற்சி என்று நிறைய எழுதியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது இன்றுதான்.
அஞ்சுகம் குவியலருகே நின்றாள். தான் தைத்ததை மட்டும் பொறுக்கித் தனியே வைத்தாள்.

செப்டம்பர் 30
அஞ்சுகம் மீன்கூடையோடு எதிரே வந்தாள்.

அக்டோபர் 10
காரைக்கால்மேட்டில் மறுபடி தையல் சத்தம். மூலையில் ஈரோட்டுப் புதுத்துணி, கட்டுக்கட்டாக, பாலிதீன் சுற்றி. யோசனை அஞ்சுகத்தினுடையது. ஆனந்தராஜுக்கு மேலிடத்தில் எத்தனை பை என்று கணக்குக் காட்டினால் போதும். இப்போது பையில் 'பூமியைக் காப்போம்' என்று மட்டும் அச்சு. கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள். குளக்கரைத் துணி பழையபடி லாரியேறிப் போகிறது, எங்கேயோ.
புதுத்துணிக்கு ஆகும் தண்ணீர், சாயக்கழிவு என்று ஆரம்பித்தேன்.
"அது ஈரோட்டுலதானே சார்."
நூலைக் கடித்துவிட்டு அவளே சொன்னாள்: "ஊருக்குப் பை வேணும், சனி வேணாம். நான் என்ன பண்ணட்டும்? எழுதிராதீங்க சார். மறுபடி கூடை தூக்க முதுகுல தெம்பில்ல."

அக்டோபர் 12
கனகம் இரண்டு பை வாங்கிவரச் சொன்னாள்.
செய்தி அனுப்பிவிட்டேன்: 'காரைக்கால்மேட்டுப் பெண்கள் தைக்கும் பைகள் முழுக்க முழுக்கத் துணியால் ஆனவை. விற்பனை சூடுபிடித்துள்ளது.'
இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு சொல்லும் பொய் இல்லை.