அப்பாவின் குரலுக்கு ஆள்

மே 12, திங்கள்

மழை. ஆக்லாந்து மோட்டர்வே எல்லர்ஸ்லி வரை நத்தை வேகம். ஸ்டூடியோவில் புது வேலை. லிவியா என்ற இத்தாலிய நடிகை தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஒலிப்புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் அவரே வாசிப்பார், ஒலிப்பதிவு நான். எழுபது தாண்டியவர். வீடு எப்சமில். இந்த ஊர்க்காரரைக் கட்டி இங்கே வந்தவர், இப்போது தனி. நல்ல குரல். ஆனால் வளையல் சத்தம். கழற்றச் சொன்னேன். முறைத்தார். கழற்றினார்.

அவருடைய அப்பா அங்கே பெரிய நகைச்சுவை நடிகராம். சிரிப்புக்கே பேர் போனவர். அந்தச் சிரிப்பு மகளுக்கும் அச்சாக வரும். புத்தகம் அதோடுதான் தொடங்க வேண்டும் என்று பதிப்பகம் நிற்கிறது. முடியாது என்கிறார்.

"இந்த வயதிலும் எனக்கு மகள் வேடம்தான்."

வீட்டுக்கு வந்தால் சிவலிங்கம் மாமா, தமிழ்ச் சங்கத் தலைவர், கட்லட்டும் கையுமாக. சனிக்கிழமை கலைவிழா, அதில் அரச நாடகம். அப்பா ராசா உடுப்போடு சிம்மாசனத்தில் இருந்து வாயை அசைப்பாராம். திரைக்குப் பின்னால் நின்று நான் வசனம் பேச வேண்டுமாம்.

அப்பா பகலில் டாக்சி, மேடையில் அரசன். ஆக்லாந்துத் தமிழருக்கு அவர் பெயரே ராசாதான். கோடையில் பக்கவாதம். வலது கை போனது, பேச்சு போனது. மிஞ்சியது ஆமாம் என்கிற ஒரே சொல். தேத்தண்ணி வேணுமோ? ஓம். வேண்டாமோ? ஓம்.

"அப்பா ஓம் எண்டிட்டார், தம்பி" என்றார் மாமா. "உம்மட குரல் அவற்ற குரல்தானே. ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் எதற்குத்தான் ஓம் சொல்லவில்லை? கேட்கவில்லை. கட்லட்டை நானும் தின்றேன்.

மே 13, செவ்வாய்

லிவியா. காலை நல்ல வேகம். முதல் படத்து விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை, இன்னாரின் மகள் என்று மட்டும். பிறகு நாவல் எழுதினார். பேட்டி எடுக்க வந்தவர், அப்பா காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார். உலகத்தின் இந்த மூலைக்கு ஓடி வந்தால், டெய்ரி என்கிற சில்லறைக் கடையில் பால் வாங்க நின்ற ஒரு நேப்பிள்ஸ்காரி முகத்தை வைத்தே பிடித்துவிட்டாள். ஒருதரம் சிரித்துக் காட்டுங்களேன் என்றாளாம்.

இடைவேளையில் என் அப்பா என்ன வேலை என்று கேட்டார். டாக்சி என்றேன். நீ கொடுத்து வைத்தவன் என்றார். திருத்தவில்லை.

வாங்க: அப்பாவின் மாத்திரை, பால், மைக் பற்றரி.
வசனம் பாடமாக்க. (தேவையில்லை. சின்ன வயதிலிருந்து சுவர் வழியாகக் கேட்டது. முழுதும் வரும். அதுதான் எரிச்சல்.)

மே 14, புதன்

பதிவு முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெறுமையைப் பதிவோம். வெட்டி ஒட்டும் இடைவெளிகளை அதை வைத்துத்தான் நிரப்புவது. லிவியாவிடம் சொன்னேன். கண்ணை மூடி இருந்தார்.

பாதியில் சிரித்தார்.

அவர் குரல் இல்லை. பருத்த ஒரு ஆண் வயிற்றிலிருந்து கிளம்பி, கடைசியில் கீச்சென்று முடிகிற சிரிப்பு.

"ஊருக்கெல்லாம் இது படத்தில்" என்றார். "எங்களுக்கு இது வீட்டில், அம்மா அழும்போது. அழித்துவிடு."

வளையல்களைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மே 15, வியாழன்

முதலாளி கேட்டார், சிரிப்பு ஏதாவது கிடைத்ததா, பதிப்பகம் கழுத்தைப் பிடிக்கிறது என்று. இல்லை என்றேன். பிறகுதான் அழித்தேன். பிரதியையும். முந்தியே அழித்திருக்க வேண்டும். இன்னும் ஒருதரம் கேட்க ஆசை இருந்தது, அதுதான் காரணம். கேட்டேன்.

வீடு. அம்மா ராசா உடுப்பை இஸ்திரி போடுகிறார். நான் பேச மாட்டேன் என்றேன்.

"நீ கதைக்காட்டி அந்த மனுசன் அத்தனை பேருக்கு முன்னால ஊமையா இருக்கோணும். அதோ உனக்கு விருப்பம்?"

அப்பாவைக் கேட்டீர்களா என்றேன். ஓம் என்றவர்தானே என்றார். சிரிப்பு வந்தது. நல்லவேளை, என் சொந்தச் சிரிப்பு.

மே 16, வெள்ளி

தூறல். எங்கள் வீட்டுப் பக்கம், பிளாக்ஹவுஸ் பேயில், இன்றைக்கும் காற்று.

பேசிப் பயனில்லை, அப்பாவின் மனதை அறியப் பரிசோதனைதான் வழி. ஸ்டூடியோவில் மதியம் ராசாவின் சபை வசனத்தை முழுதாகப் பேசிப் பதிந்தேன். ஒரே மூச்சு, ஒரு பிழை இல்லை. வீட்டில் ஹெட்ஃபோனை அப்பாவின் காதில் மாட்டி ஓட விட்டேன்.

கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. பாதியில் இடது கையால் ஹெட்ஃபோனை இழுத்துக் கழற்றினார். பிறகு அதே கையால் என் வாயைப் பொத்தினார். அழுத்தி. நான் அப்போது பேசவே இல்லை.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

மாமாவுக்குப் போன் போட்டு மாட்டேன் என்றேன். அழைப்பிதழ் அடிச்சாச்சு என்றார். ராசா, உங்கட மகனுக்கு நீங்கள் சொல்லுங்கோ என்றும் சொன்னார். என் குரலைக் கேட்டு, அப்பாவுக்குப் பேச்சு போனதையே மறந்து, என்னை அவர் என்று நினைத்துவிட்டார்.

மே 17, சனி

வெயில், குளிர். மண்டபம் நிறைய ஆட்கள். அப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். உடுப்பைப் போட்டுக்கொண்டு காரில் முதல் ஆளாக ஏறி இருந்தார்.

மைக்கை மாலைக்குக் கீழே, அவர் நெஞ்சிலேயே மாட்டினேன். திரைக்குப் பின்னால் போகாமல் ஒலி மேசையில் இருந்தேன். திரை விலகியது. மாமா ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டினார். நான் அசையவில்லை. இன்னும் வேகமாகக் காட்டினார். மண்டபத்தில், ஸ்டூடியோவில் நாங்கள் பதியும் அந்த ஒரு நிமிட வெறுமை.

"ஓம்" என்றார் அப்பா.

பின்வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது. யாரோ அடக்கினார்கள். அப்பா பொருட்படுத்தவில்லை. மந்திரியைப் பார்த்து ஒரு ஓம், சந்தேகத்தோடு. கைதியைப் பார்த்து ஒன்று, சுவர் அதிர. பிறகு மகனை நாடு கடத்துகிற இடம். அங்கே நீளமாக, உடைந்த ஒன்று. முழுக் காட்சியும் அந்த ஒரு சொல்லில். வசனம் எனக்குத் தெரியும், அவர் ஒரு வரியும் விடவில்லை. நான் செய்தது மைக்கின் அளவைக் கூட்டிக் குறைத்தது மட்டும்.

கைதட்டல் ஓய நேரமானது. அம்மா தட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரில் அப்பாவை ஏற்றும்போது மாமா ஓடி வந்தார். கண்ணெல்லாம் ஈரம். என் தோளைப் பிடித்தார்.

"அடுத்த வருசம் நீர்தான் ராசா, தம்பி. என்ன?"

வாயில் ஓம் வந்துவிட்டது. விழுங்கினேன்.