செத்த கன்றுக்கு ஊற்றிய தண்ணீர்

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுக்கிறார், அவர் காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

ஆலங்கட்டி மழையில் நம் நர்சரி போனது உனக்குத் தெரியும். நிழல்வலை இன்னும் கிழிந்துதான் தொங்குகிறது, கன்றெல்லாம் இலை உதிர்ந்து குச்சி குச்சியாக நிற்கிறது. அரசாங்கம் நிவாரணம் தரும் என்று அறிவித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது, ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அதிகாரி வந்து பார்த்து எழுதும்வரை எல்லாம் கிடந்தது கிடந்தபடி கிடக்க வேண்டும், செத்த கன்றுக்குத்தான் பணம், உயிரோடு இருப்பது நஷ்டத்தில் சேராது என்று விவசாய ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பணம் வந்தால் வலை போட்டு மறுபடி தொடங்குவது, வராவிட்டால் நீ கூப்பிட்டபடி கேட்டைப் பூட்டிவிட்டு உன் வீட்டுக்கே வந்துவிடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். அதிலிருந்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுகிறேன், பார்த்தால் பால்காரர். அடுப்பில் வைத்ததை மறக்கிறேன், துவைத்ததையே மறுபடி துவைக்கிறேன்.

உன் அப்பா அதற்கு மேல். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, தண்ணீர் ஊற்றின கையும் அப்படித்தான் போல. விடிவதற்கு முன்னே எனக்குத் தெரியாமல் போய் செத்ததற்கெல்லாம் ஊற்றியிருக்கிறார். கேட்டால், காயுதுன்னு தெரிஞ்சும் எப்படி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது என்று என் மேலேயே பாய்கிறார். இப்போது பின்வரிசை எலுமிச்சையில் துளிர் விட்டிருக்கிறது. ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழே வந்திருந்தால் உதவாத முளை, பிடுங்கி எறியலாம். இது ஒட்டுக்கு மேலே வந்த நல்ல துளிர், ஆனால் விற்கிற பக்குவத்துக்கு வர எவ்வளவு காலம் ஆகுமோ, அதுவரை எதைத் தின்பது? வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்த தோட்டத்து அண்ணனுக்கும் தக்காளி மொத்தமும் போச்சு. அவர்தான், துளிரைக் கிள்ளி விட்டுடும்மா, வெறும் குச்சிய பாத்துட்டு எழுதிட்டுப் போயிடுவாரு, யாரு கேக்கப் போறா என்றார். அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை. இன்றைக்கு அதிகாரி போன் செய்து நாளைக் காலை வருகிறேன் என்றதும், அப்பா கடைக்குப் போன நேரம் பார்த்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். முதல் கன்றிலேயே கை நின்றுவிட்டது. நகத்தளவு இலை, துளிர்ச் சிவப்புகூட இன்னும் மாறவில்லை. கன்றுப் பையில் மண்ணைத் தொட்டால் வறண்டு கிடக்கிறது. நான் திட்டினதிலிருந்து மனுஷர் ஊற்றவே இல்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு பூவாளியை எடுத்தேன், வரிசை முடியும்வரை ஊற்றினேன். நாளைக்கு அதிகாரி கண்ணால் பார்ப்பதை எழுதிக்கொள்ளட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நான் தண்ணீர் ஊற்றினதை அப்பாவிடம் மூச்சு விடாதே, அவ்வளவு திட்டினதற்கு மரியாதை இருக்காது. இன்னொன்று, எங்களுக்கென்று ஒழித்து வைத்திருக்கிறாயே ஒரு அறை, பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

ஈரக் கையோடு,
உன் அம்மா