அது உரம் இல்லை, யம்மா

யம்மா,

இன்று காலை பேத்தியோடு வேலூர் போயிருந்தேன். அவள் குழந்தைக்குக் கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. மருந்து மாத்திரை இல்லாமல் எலும்பையும் சதையையும் கையாலேயே நீவிச் சரிசெய்கிற டாக்டர் ஒருத்தி இருக்கிறாள். குழந்தையின் தாடைக்கும் தோளுக்கும் நடுவே அவள் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விதம் உன் விதம். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நம் மலையில் பிள்ளை கழுத்தைத் திருப்ப முடியாமல், பால் குடிக்காமல் வீறிட்டால் உரம் விழுந்துவிட்டது என்பார்கள். உன்னிடம்தான் தூக்கி வருவார்கள். என் வெள்ளையனுக்கு முதல் தடவை உரம் விழுந்தபோது, உன் பழைய புடவையில் அவனைக் கிடத்தி மறுமுனையை என் புருஷனிடம் கொடுத்தாய். "மாப்ளே, அது புளி மூட்ட இல்ல, புள்ள. மெதுவா புடி" என்றாய். இரண்டு பேருமாக அவனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினீர்கள். விளக்கெண்ணெய் தொட்டுக் கழுத்தை நீவினாய். இறக்கியதும் என் மாரைத் தேடிக் குடித்தான். "கள்ளனாட்டம் சிரிக்கிறான் பாரு" என்றாய். இப்படி ஓர் அம்மா எனக்கு இருக்கிறாளே என்று பூரித்துப் போனேன். அதையும் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

மறுபடி அழுதது சாமை அறுப்பு முடிந்த சமயம். அதே அழுகை. தலையைத் தொட்டால் துடித்தான். ஆனால் அன்றைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

"யம்மா, காச்ச அடிக்குது. கீழ ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போறோம்."

"அழுது அழுது சூடாயிருக்குதுடி. நான் எத்தினி புள்ளைய உருட்டியிருக்கேன், எனக்கே சொல்றியா? உரம் எடுத்தா எல்லாம் எறங்கிடும்."

புடவையை விரித்தாய். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. "பாத்தியா, தூங்கிட்டான். எழுப்பாதே" என்று என்னை அதட்டினாய். வெயில் சாயும் வரைக்கும் நான் எழுப்பவில்லை. பிறகு எழுப்பினேன். அவன் கண் திறக்கவில்லை.

அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினார். நீயும் நானும் பின்னால் ஓடினோம். படவேட்டில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவன் தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினார். கழுத்து மடங்கவில்லை. முதுகும் சேர்ந்து பலகை போல எழுந்தது. "மூளைக் காய்ச்சல்மா. இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

மறுநாள் அவனைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை நான். பலாப்பழம் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போவாய். மாட்டுக்குப் போட்டேன். உனக்குத் தெரியட்டும் என்றே போட்டேன்.

அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "ஒங்கம்மா இப்பல்லாம் மொதல்ல நெத்திய தொட்டுப் பாக்குது. சூடு இருந்தா உருட்டறதே இல்ல. 'இது உரம் இல்ல, காச்ச. கீழ ஓடு'ன்னு தொரத்துது. எம்புள்ள அதுலதான் பொழச்சான்" என்றாள். என் மனம் ஆறும் என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் வந்த வார்த்தை என் பிள்ளைக்கு வரவில்லையே யம்மா! என் பிள்ளையை வைத்துத்தானே அதைக் கற்றுக்கொண்டாய்.

நீ எழுந்திருக்க முடியாமல் படுத்த பிறகுதான் உன் வாசல் மிதித்தேன்.

"இன்னும் கோவமாடி?"

"ஆமா."

"எனக்குந்தான்டி, எம்மேல."

உன் முகத்தைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். அதுதான் நம் கடைசிப் பேச்சு.

வெள்ளையனை யாரும் போட்டோ பிடிக்கவில்லை. அவன் முகம் தெரிந்தவர்களில் அவர் போய்விட்டார், நீயும் போய்விட்டாய். அவன் முகத்தையும் உன்மேல் உள்ள கோபத்தையும் நான் ஒருத்தியாகச் சுமக்கிறேன். கோபத்தை இறக்கி வைத்தால் அவன் முகமும் அதோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, யம்மா.