கட்டிலோரத்துக் காகிதம்

ஜூன் 4

மேல் கட்டிலை நானே கேட்டு வாங்கினேன். "கீழ்க் கட்டில் உங்களுக்குத்தான்" என்று வால் சொன்ன மாத்திரத்தில் எனக்குச் சுருக்கென்றது. அறுபத்தொரு வயதுக்காரி ஏணி ஏற மாட்டாள் என்று யார் சொன்னது? ஏறிவிட்டேன். இறங்குவதுதான் பெரும்பாடு.

வால் என்பது நான் வைத்த பெயர். என் கல்லூரி, என் வகுப்பு, வயது இருபது. ஹோட்டல் நிர்வாகப் பட்டயப் படிப்பில் மூன்று மாதம் வெளிநாட்டில் வேலை பார்க்க வேண்டும். இங்கே சான்றிதழ் கொடுத்தால்தான் அங்கே பட்டயம். இந்த ஏரிக்கரை ஹோட்டலுக்கு எங்கள் வகுப்பிலிருந்து வந்தது நாங்கள் இருவர் மட்டும். வகுப்பில் முதல் நாளே சட்டம் போட்டுவிட்டேன்: ஆன்ட்டி, பாட்டி எதுவும் கூடாது, அக்காதான்.

மகன் போனில் சிரித்தான். "ஏம்மா, அடுத்தவன் படுக்கைய உதறவா ஏரோப்ளேன் ஏறிப் போன?"

முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக அடுத்தவர் படுக்கையை உதறித்தான் இவனை ஆளாக்கினேன். அப்போது இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணனைப் படிக்க அனுப்பிவிட்டு என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார் அப்பா. அகராதியைப் புரட்டிப் புரட்டி நானாகவே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு பத்தாவது, பன்னிரண்டாவது. இந்தப் பட்டயத்தையும் வாங்காமல் விட மாட்டேன்.

ஜூன் 9

ஓர் அறைக்கு இரண்டு பேர். ஒருத்தி கட்டில்; மற்றவள் குளியலறையும் குப்பையும். குப்பை எடுத்தவள் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தொட்டிக்குள் கிடப்பதை மட்டுமே எறியலாம். வெளியே கிடப்பது கசங்கிய காகிதமானாலும் விருந்தினரின் பொருள், தொடக்கூடாது. நான் கட்டில், வால் குப்பை.

மேற்பார்வைக்காரி - கறார் என்று பெயர் வைத்திருக்கிறேன் - நான் விரித்த விரிப்பின் மேல் கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. மற்றப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

வால் பாட்டு முனகிக்கொண்டே வேலை செய்கிறாள். இவளால் ஒருநாள் வினை வரும்.

ஜூன் 10

முட்டி வலி. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20

வந்தேவிட்டது வினை.

212-ஆம் அறையில் ஒரு பெரியவர் தனியாகத் தங்கியிருக்கிறார். காது கேட்காது. காதுக்குள் வைக்கும் கருவியை மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கட்டில் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். குளித்துவிட்டு ஏரியைப் பார்த்தபடி பால்கனியில் உட்கார்ந்தவர், உள்ளே வந்து தேடினால் கருவி இல்லை. நாங்கள் அறையைச் சுத்தம் செய்துவிட்டுப் போன பிறகு. குப்பை வண்டியும் போய்விட்டது.

தாளில் வாலின் கையெழுத்து. கறார் எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டாள். வால் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். இந்தப் பெண்ணுக்கு வேலையில் கவனம் கிடையாது, நாளெல்லாம் பாட்டு, நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன் என்றேன். என் இங்கிலீஷ் இன்றைக்கென்று தடங்கலில்லாமல் வந்தது.

வாலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று நாளில் ஊருக்கு விமானம்.

ஜூன் 21

இதை எழுதியே ஆக வேண்டும்.

இன்று 207-இல் வேறொரு பெண்ணோடு வேலை. தலையணையைத் தட்டிப் போட்டேன், போர்வையை மடித்தேன். என் இடது கை, நான் சொல்லாமலே, மேஜைமேல் கிடந்த கசங்கிய காகிதத்தை எடுத்துத் தள்ளுவண்டிப் பையில் போட்டது. அந்தப் பெண் கத்தினாள். நான் என் கையைப் பார்த்தபடி நின்றேன்.

வார்டில் கட்டிலோரம் கிடக்கும் பஞ்சையோ காகிதத்தையோ பிரித்துப் பார்க்கக் கூடாது. எல்லாம் சீழும் சளியும். பார்க்காமல் எடு, பார்க்காமல் போடு. முப்பது வருஷம் அப்படித்தான்.

212-இலும் இதே கை. காகிதத்துக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. சூயிங்கம் என்று நினைத்தேன் - நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லையே. அடிப்பாவி, நானா? நானேவா?

அறைக்கு ஓடினேன். வால் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பயங்கரச் சளி அவளுக்கு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"212-ல மேஜைமேல இருந்த காகிதத்த நான் எடுத்தேனா?"

"எடுத்தீங்க."

"நீ பாத்தியா?"

"வண்டிப் பையில போட்டதக்கூடப் பாத்தேன். மூக்கு சிந்தின காகிதம்னு நானும் விட்டுட்டேன்."

"நேத்து உன்ன அவ்வளவு பேசினேனே, வாய் எங்கடி போச்சு?"

"எனக்கென்னக்கா, அடுத்த வருஷம்கூட வரலாம். உங்களால இன்னொரு தடவ வர முடியுமா?"

அறைந்தது போல இருந்தது. ஐம்பது வருஷமாக ஒருத்தரிடமும் கையேந்தாதவள் நான். இந்தப் பொடிசு எனக்குப் பிச்சை போடுகிறது!

"அடி செருப்பால! யாருக்குடி பாவம் பாக்குற? எனக்கா?"

"கத்தாதீங்க அக்கா. பக்கத்து ரூம்ல தூங்கறாங்க."

ஜூன் 22

முதலில் 212. பெரியவருக்குக் கேட்காதே, அதனால் தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: எறிந்தது அந்த மாணவி அல்ல, நான். படித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை வாங்கிக் கீழே எழுதினார்: உங்கள் வயது? 61 என்று எழுதினேன். நீங்களும் மாணவியா? ஆமாம் என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். கதவைப் பிடித்துக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

அடுத்து கறார். எறிந்ததற்குக்கூட அவள் முகம் மாறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "நிச்சயமாகத் தெரியாமலா அந்தப் பெண்ணைக் குற்றம் சொன்னாய்?" தெரியாமல்தான் என்றேன்.

வால் நாளையிலிருந்து மறுபடி அறைகளுக்கு. நான் அடித்தளத்துச் சலவைக்கூடத்துக்கு. அறை வேலை பார்த்ததாகச் சான்றிதழ் கிடையாது. அப்படியென்றால் பட்டயமும் இந்த வருஷம் கிடையாது.

மகனிடம் சொன்னேன். "ஏம்மா, யாரும் பாக்கலல்ல? அந்தப் பொண்ணுதான் வாய மூடிட்டு இருந்துச்சுல்ல? நீ எதுக்குப் போய் ஒளறின?"

நான் பெற்றதுதானா இது? போனை வைத்துவிட்டேன். 212-ஐவிட இதுதான் பெரிய அடி.

ஜூலை 2

துண்டுகள். துண்டுகள். துண்டுகள்.

ஜூலை 19

வாலிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத்தான் போகிறேன் என்று மூன்று முறை ஏணியில் இறங்கினேன். "என்னக்கா?" என்றாள். தண்ணீர் குடித்துவிட்டு ஏறிவிட்டேன்.

ஆகஸ்ட் 22

வேலை முடிந்தது. கடைசி ஒரு வாரம் ஊர் சுற்றலாம். என்னைக் கேட்காமலே வால் இரண்டு பேருந்துச் சீட்டு எடுத்திருக்கிறாள். ஜன்னலோர இருக்கை என்னுடையது. அவளை அங்கே உட்கார வைத்தேன். "அக்கா, உங்களுக்கு வேணாமா?" "வெயில் ஆகாது" என்றேன். வெளியே தூறல்.

மலைப்பாதையில் ஐந்து மணி நேரம். பாதி வழியில், முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி சொன்னேன்: "அன்னிக்கு உன்னப் பேசினது தப்பு." திரும்பினேன். காதில் பாட்டு. கண் மூடியிருந்தது. இன்னொரு முறை சொல்ல என்னால் ஆகாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கண்ணைத் திறக்காமலே, "கேட்டுச்சு" என்றாள்.

ஆகஸ்ட் 30

வால் காலை விமானத்தில் போய்விட்டாள். என்னுடையது மாலையில். அறையைக் காலி செய்யும்போது கீழ்க் கட்டிலின் ஓரத்தில் சுருட்டிய காகிதம் ஒன்று. கை போயிற்று. நின்றது. உட்கார்ந்து மெதுவாகப் பிரித்தேன். மூக்குச் சிந்தியது. கழுதை, இரண்டு மாதமாகியும் சளி போகவில்லை. தொட்டியில் போட்டேன்.

வேலையின் கடைசி நாளன்று சலவைக்கூடத்துக்குக் கறார் வந்தாள். நான் மடித்து அடுக்கிய துண்டுகளின்மேல் கையால் தடவிவிட்டு, அங்கே ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து நிரப்பியாயிற்று. முன்பு செய்த தவறு ஏதேனும் உண்டா என்ற இடத்தில் இரண்டையும் எழுதினேன். எறிந்ததை ஒரு வரியில், பேசியதை ஒரு வரியில்.

வேலை தொடங்கும்போது வயது: 62.