பதினாறு போதும் என்று சொன்னது நான்தான்

சோபாவின் இடது மூலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் அம்மாவுக்கு,

சுமதி ஆன்ட்டிதான் எழுதச் சொன்னார். தமிழ்ச் சங்க மலரில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். உன் நினைவுக் கூட்டத்தில் மைக்கை என் கையில் கொடுத்தபோது நான் அழக்கூட இல்லை, சும்மா நின்றேன். ஆன்ட்டி வந்து மைக்கை வாங்கிக்கொண்டு என் காதில், "பேச வேண்டாண்டி, எழுதிக் குடு. அங்க யாரும் உன்ன பாக்க மாட்டாங்க" என்றார். அதனால் எழுதுகிறேன். தப்பிருந்தால் ஆன்ட்டி திருத்துவார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எழுதுவது என்று படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

உனக்காகத்தான் நான் பள்ளியை விட்டேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை, உனக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் எழுந்து நின்று பேச வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன், ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கவலையோடு கவலையாக எனக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

கோபியிலிருந்து அமெரிக்காவுக்கு, இந்த எடிசனுக்கு வந்த புதிதில் நம் இரண்டு பேருக்கும் இந்த ஊர் ஊமைப்படமாகத்தான் இருந்தது. அப்பா காலையில் ரயில் ஏறிப் போய்விடுவார். எனக்குப் பதிமூன்று வயது. உனக்கு ஆங்கில எழுத்து தெரியும், பேச்சு தெரியாது. சுமதி ஆன்ட்டி சொல்லித்தான் முதல் கொரியன் டிராமாவைப் போட்டோம். நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடும் வரியை ஒரு வார்த்தை நீ, ஒரு வார்த்தை நான் என்று படித்தோம். அது ஏன் நமக்கு அவ்வளவு பிடித்தது என்று இப்போது புரிகிறது. அந்தப் படத்துக்கு முன்னால் எடிசனில் இருக்கிற எல்லோரும் நம்மைப் போலத்தான். எல்லோருக்குமே கீழே எழுத்து வேண்டும்.

நீ ஆங்கிலம் கற்றது முழுக்க அந்த வரிகளிலிருந்துதான். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில், சனிக்கிழமைக் கூட்டத்தில், ஒரு அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தபோது நீ நிமிர்ந்து நின்று "ஹவ் டேர் யூ!" என்றாயே. கடையே திரும்பியது. அந்த அம்மா பயந்துபோய் "ஸாரி ஆன்ட்டி" என்று பின்னால் போய்விட்டார். அப்பா உன்னைத் தெரியாதவர் போலக் கொத்தமல்லிக் கட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, நான் என்ன தப்பாச் சொன்னேன்? டிராமால மகாராணி அப்படித்தான சொல்லுவா?" என்று காரில் கேட்டாய்.

"மகாராணி முருங்கைக்காய் வாங்க வரிசைல நிக்க மாட்டா" என்றார் அப்பா.

நமக்குள் ஒரே ஒரு சண்டைதான். எனக்குக் கொரியா, உனக்குச் சீனா. கொரியன் என்றால் பதினாறு எபிசோடு. பதினைந்தில் பிரிப்பார்கள், பதினாறில் சேர்ப்பார்கள், நடுவில் வயிறாரச் சாப்பிடுவார்கள். அழுதுகொண்டே சாப்பிடுகிறவளை நம்பலாம் என்பாய். ஆனால் மழையில் குடை பிடிக்கிற கதாநாயகர்களை மட்டும் நீ கடைசி வரைக்கும் மதிக்கவில்லை. "குடை புடிச்சாக் காதலா? உங்கப்பாகூடத்தான் எனக்கு ரேஷன் கடை வரிசையில குடை புடிச்சிருக்காரு. பின்னாடி மியூசிக் போட ஆளில்ல, அவ்வளவுதான்."

சீனத் தொடர் உனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதன் நீளம்தான். ஒரு வேலைக்காரப் பெண் மகாராணியாக அறுபது எபிசோடாவது ஆக வேண்டாமா என்று கேட்பாய். தலையில் அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு அவளுக்குக் கழுத்து வலிக்காதா என்று கவலைப்படுவாய். யார் வீட்டில் யார் தேநீர் ஊற்றினாலும், "குடிக்காதடீ, மாமியா ஊத்தற டீ அது, வெசம் இருக்கும்" என்று கத்துவாய். மலையிலிருந்து விழுந்தவன் சாகமாட்டான் என்று உனக்கு முன்கூட்டியே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொள்வாய்.

ஒரு நாளைக்கு ஒன்று என்பது உன் சட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்கு, ஒரே ஒரு எபிசோடு. என்ன இடத்தில் நின்றாலும் சரி, அடுத்தது நாளைக்குத்தான். நான் எவ்வளவு கெஞ்சினாலும் ரிமோட்டை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாய். அந்தச் சட்டம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம், எல்லாவற்றையும் உன்னிடமே சொல்லட்டுமா என்று கேட்டார். நீ அப்பாவைக் கைகாட்டி, "டெல் ஹிம்" என்றாய். டாக்டர் வெளியே அழைத்துப்போய் அவரிடம் சொன்னார். சாயங்காலம் கொத்தமல்லி வாங்கலாம் என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் காரை நிறுத்தினார், இறங்கவில்லை.

"ஆறு வாரம் பவி. மிஞ்சினா எட்டு" என்றார். பிறகு, "அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது சாமி. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவா. தெரியாம சந்தோசமா இருக்கட்டும்" என்றார்.

கொத்தமல்லி வாங்காமலே திரும்பி வந்தோம். நீ அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்குப் புதுத் தொடர் தொடங்க வேண்டும். சுமதி ஆன்ட்டி ஒரு சீனத் தொடரைப் பற்றி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உனக்குப் பிடித்த எல்லாமே அதில் இருந்தது. வேலைக்காரப் பெண், அரண்மனை, மூன்று மாமியார்கள். நீ தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உன் மூலையில் தயாராக உட்கார்ந்திருந்தாய். நான் அதைத் திறந்தேன். அறுபத்திரண்டு எபிசோடு என்று இருந்தது. என் தலைக்குள் கணக்கு தானாகவே ஓடியது. எட்டு வாரம், ஐம்பத்தாறு நாள்.

"அம்மா, இது வேண்டாம். கொரியன் ஒண்ணு பாக்கலாம்" என்றேன்.

"ஏன் கண்ணு?"

"இது போரடிக்கும்மா. சுமதி ஆன்ட்டி டேஸ்ட் உனக்குத் தெரியாதா?"

"எத்தனை எபிசோடு அது?"

"அறுபத்திரண்டு."

"கொரியன்?"

"பதினாறு. பதினாறு போதும்மா."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்ததுபோல எனக்கு இருந்தது, ஒருவேளை கொஞ்ச நேரம்தானோ என்னவோ. நான் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ, "செரி, போடு" என்றாய். அவ்வளவுதான். அப்பா இத்தனை கஷ்டப்பட்டு மூடி வைத்ததை, இரண்டே வார்த்தையில் உன் மடியில் போட்டுவிட்டேன்.

எனக்கு அது உறுதியானது ஒன்பதாவது எபிசோடில். டிராமாவில் ஒருவருக்கு நோய் வந்து, அதை வீட்டில் எல்லோரும் மறைத்தால் உனக்கு எவ்வளவு கோபம் வரும்! "சொல்லித் தொலைங்களேன்டா! அவ உடம்பு அவளுக்குத் தெரியாதா?" என்று டிவியையே திட்டுவாய். அந்த எபிசோடில் ஒரு மகன் அப்படித்தான் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ திட்டவில்லை.

"பாவம் அந்தப் பையன்" என்றாய். "சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல."

நான் அழுதேன். நீ என் தலையை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். எபிசோடு அது பாட்டுக்கு ஓடியது. கீழே எழுத்து வந்துகொண்டே இருந்தது, நாம் இரண்டு பேருமே படிக்கவில்லை.

"உங்கப்பாகிட்ட சொல்லிப்புடாத" என்றாய். "எனக்குத் தெரியாதுங்கறதுதான் அவருக்குத் தெம்பு. அது அப்படியே இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து நம் வீட்டில் இரண்டு ரகசியம். அப்பா உன்னிடம் மறைத்தது ஒன்று, நீ அப்பாவிடம் மறைத்தது ஒன்று. நடுவில் நான்.

உனக்கு உடம்பு முடியாத நாட்களையும் சேர்த்து, இருபத்திரண்டு நாளில் பதினாறும் முடிந்தது. அடுத்த நாள் நான் அந்தச் சீனத் தொடரைத் திறந்தேன். நீ வேண்டாம் என்றாய். "பாதில உட்டுட்டுப் போற பழக்கம் எனக்கில்ல கண்ணு." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பழைய தொடர்களிலிருந்து உனக்குப் பிடித்த சண்டைகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

அம்மா, பதினாறு போதும் என்ற நாளிலிருந்து அறுபத்திரண்டாவது நாளும் வந்தது. நீ இருந்தாய். கொஞ்சம் மோர் குடித்தாய், உப்பு போதவில்லை என்றாய். அறுபத்து மூன்று வந்தது. எழுபது வந்தது. எழுபத்தொன்றாவது நாள்தான் நீ போனாய். முடியாத நாட்களைக் கழித்தால்கூட ஐம்பதாவது எபிசோடைத் தாண்டியிருப்போம். அந்த வேலைக்காரப் பெண் மகாராணி ஆவதை நீ பார்த்திருந்தாலும் பார்த்திருப்பாய். நான் எட்டு வாரத்தை நம்பினேன், உன்னை நம்பவில்லை. இதை நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீ கோபப்பட்டாயா? "செரி, போடு" என்றபோது உனக்கு எப்படி இருந்தது? அதை மட்டும் யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கே விஷயம் என்னவென்றால், சுமதி ஆன்ட்டி எடுத்துச் செய்கிற சாப்பாட்டு ஆர்டருக்கு வாரத்தில் மூன்று நாள் கூடப் போகிறேன். பொட்டலம் கட்டுகிற வேலை, பேச வேண்டியதில்லை. அந்தச் சீனத் தொடரை நான் திறக்கவில்லை. ஆன்ட்டி முடிவைச் சொல்ல வந்தார், காதைப் பொத்திக்கொண்டேன்.

அப்பாதான் சரியில்லை அம்மா. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ பயமில்லாமல் போனாய் என்று கொஞ்ச நாள் அவர் தைரியமாக இருந்தார். இப்போது அது மாறிவிட்டது. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் உன் சுடிதார்த் துப்பட்டா ஒன்று கையில் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லியிருக்கோணும் பவி. தெரிஞ்சிருந்தா அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருப்பா. இருபது வருசம் கூட வாழ்ந்தவ. அந்த ஒரு வார்த்தையை நாந்தான் கெடுத்துட்டேன்."

நான் அவர் பக்கத்தில் நின்றேன். உனக்குக் கொடுத்த வாக்கு என் வாயை மூடிவிட்டது. மறுநாளும் அதையே சொன்னார். நேற்றும் சொன்னார். நீ காப்பாற்றச் சொன்ன தெம்பு இப்போது அவரிடம் இல்லை. உன் ரகசியம் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

அவருக்கென்று நீ ஒரு வார்த்தை விட்டுவிட்டுத்தான் போனாய். உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு மத்தியானம், ஆபீஸ் போகாமல் வீட்டில் இருந்தார். விசிலடித்துக்கொண்டே அறைக்குள் வந்து, "அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டரட்டுமா?" என்றார். நீயும் அசராமல், "போடுங்க, எனக்கு ஜன்னலோரம்" என்றாய். "ராணியம்மாவுக்கு ஜன்னலோரம்!" என்று சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போனார். உள்ளே குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

நீ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். "உங்கப்பாவுக்கு நடிப்பு சுத்தமா வரல. நான் டைரக்டரா இருந்தா முதல் நாளே ஊருக்குத் தாட்டிவிட்டிருப்பேன்" என்றாய். நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை.

"ஆனா அவரு வர்ற சீன் எதையும் தாண்டி ஓட்டிடாத கண்ணு. எனக்கு முழுசாப் பாக்கோணும்."

அதனால் உன் பேச்சை மீறப் போகிறேன் அம்மா. சனிக்கிழமை காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, அப்பா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன். எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். வந்த வரைக்கும் சொல்வேன், வராததற்கு இந்தத் தாளைக் கொடுப்பேன். மலருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் அனுப்ப வேண்டும். இதை யாராவது படிக்கிறார்கள் என்றால், அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

அவர் அழுவார். நான் எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருப்பேன். இது சத்தியம்.

உன் வாக்கை மீறுகிற,
உன் ஒரே மகள்
பவித்ரா