பாத்ரூமுக்குத் தனி ரேட்டு

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வானம் மூடிக்கிட்டு நிக்குது, ஒரு சொட்டு இறங்கல. முட்டி ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம். டாக்டர் உத்தரவு: குனியக் கூடாது, தரையில உக்காரக் கூடாது, ஈரத் தரைப் பக்கமே போகக் கூடாது. அப்ப வீட்டை யார் துடைக்கிறது? அவரா வந்து துடைப்பாரு?

வேற வழியில்ல, ஆள் தேடச் சொன்னேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வேலையையும் பாத்துக்கிட்டு, இத்தனை வருஷம் என் வீட்டை நானேதான் பெருக்கினேன். தஞ்சாவூர்ல இந்தத் தெருவுலேயே வேலைக்கு ஆள் வைக்காத ஒரே வீடு. இன்னியோட அந்தப் பெருமையும் போச்சு.

இஸ்திரிக்காரர் சொல்லி மத்தியானம் ஒருத்தி வந்தா. பேரு வளர்மதி. வடவாத்துக் கரையில வீடு. நாப்பது வயசு இருக்கும். நான் நாலு கேள்வி கேக்கலாம்னு உக்காந்தா, அவ என்னைக் கேக்கறா. வீட்ல எத்தனை பேரு? நாய் இருக்கா? ஐயா வெத்தலை போடுவாங்களா? ரூம் ரூமா நடந்து பாத்தா, வாடகைக்கு வர்றவ மாதிரி.

"முட்டி போட்டுத் துடைக்க மாட்டேன்மா. குச்சி வச்ச மாப்பு வாங்கி வச்சிருங்க. வீட்டுக்கு மூவாயிரம். பாத்ரூமுக்குத் தனி ரேட்டு, ஐநூறு."

பாத்ரூம் என்ன அடுத்த தெருவுலயா இருக்கு? வீட்டுக்குள்ளதானே இருக்கு? கேட்டேன். "கழுவுறது நான்தானேம்மா"ன்னுட்டா.  சரின்னேன். சொல்லிட்டு அப்புறம் நாள் பூரா எரிச்சல்.

வாங்க வேண்டியது: குச்சி மாப்பு, பினாயில், கையுறை (அதுவும் கேட்டா!), முட்டிக்குத் தைலம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேத்து ராத்திரி தூறல். கொசு.

வளர்மதி வேலை: வேகம் உண்டு. மூலை கிடையாது. நடுவுல மாப்பை இழுத்துட்டுப் போறா, சோபாவுக்குப் பின்னாடி அப்படியே. "மூலையில விடாதே"ன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. இவர் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காம, "நல்லாத்தானே பண்றா ஸ்டெல்லா"ங்கறார். இவருக்கு என்ன தெரியும்? நாப்பது வருஷமா இந்த வீட்ல காலைத் தூக்கிக் கொடுக்கறது மட்டும்தான் இவர் செஞ்ச வேலை.

துடைக்கத் துணி கேட்டா. இவரோட நீலக் கட்டம் போட்ட பழைய சட்டையைக் கொடுத்தேன். விரிச்சுப் பாத்தா, "நல்லாத்தானேம்மா இருக்கு, கிழிக்க மனசு வரலை, நான் எடுத்துக்கவா?"ன்னா. எடுத்துக்கோன்னேன்.

எதிர்வீட்டு பத்மா வாசல் கேட் பக்கம் நின்னு ஒரு பாட்டம் புலம்பினா. "என்ன மேடம், மூவாயிரத்து ஐநூறாமே? எங்க ராணி ரெண்டாயிரத்துக்குப் பண்றா. இப்ப அவளும் ஏத்திக் கேக்கறா. நீங்க தெரு ரேட்டையே கெடுத்துட்டீங்க." நான் என் காசைக் கொடுக்கறதுக்கு இவங்க கிட்ட பர்மிஷன் வாங்கணுமாம். நல்ல கூத்து.

ஆகஸ்ட் 30, சனி

வெயில். வேளாங்கண்ணியில நேத்துக் கொடி ஏறிடுச்சு. ரோடெல்லாம் காவித் துணி.

நாத்தனார் பிலோமினா திருச்சியிலேர்ந்து போன். வருஷா வருஷம் அவ கூட்டம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகும்போது ஒரு ராத்திரி நம்ம ஹால்லதான் படுக்கும். வெந்நீர்ல உப்புப் போட்டுக் கால் நனைக்க வைப்பேன், ரசம் சோறு போடுவேன். இந்த வருஷம் என்ன சொல்றா தெரியுமா? "அண்ணி, உங்களுக்கு முடியலை. நாங்க ஏதாவது மண்டபத்துல தங்கிக்கிறோம்."

மண்டபமா! நான் என்ன செத்தா போயிட்டேன்? "நாலாம் தேதி நேரா இங்க வர்றீங்க. வரலைன்னா அடுத்த வருஷம் இந்த வாசலை மிதிக்காதே"ன்னு போனை வச்சுட்டேன்.

பதினாலு பேர் தரையில படுக்கப் போறாங்க. தரை அப்படி இருக்கணும். வளர்மதியை நம்பித்தான் சொல்லியிருக்கேன். திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் முழுசா வந்து கழுவித் தர்றேன்னு சொல்லியிருக்கா.

இவர் முகம் சரியில்ல. பூதலூர் வயல்ல நாத்து முத்திக்கிட்டிருக்காம். நட வர்றேன்னு சொன்ன வடக்கத்திக் கூட்டம் மன்னார்குடிப் பக்கம் போயிடுச்சாம். ஆள் கிடைக்கலைன்னு புலம்பல். எனக்கு என் கவலை.

செப்டம்பர் 1, திங்கள்

மூடாக்கு. காத்தே இல்ல. ஏழு மணி. எட்டு. ஒன்பது. வளர்மதி வரல.

போன் அடிக்குது, எடுக்கல. எத்தனை தடவை அடிச்சேன்னு எனக்கே தெரியாது. இவர் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி வயலுக்குப் போயாச்சு. நல்ல காரியத்துல கூட நிக்கற மனுஷன்!

தெரு வாட்ஸாப்புல பாத்தா ஊரே தீப்பிடிச்சு எரியுது. பத்மா வீட்டு ராணி வரல. கடைசி வீட்ல வரல. மாடி வீட்ல வரல. இஸ்திரிக்காரர் கண்ணால பாத்தாராம்: விடியக்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்னுச்சாம், நம்ம தெருவுல வேலை பாக்கற ஏழு பேரும் ஏறிப் போனாங்களாம், நடவுக்கு. யாரோ ஒரு மிராசு கூலி கூடக் கொடுத்து அள்ளிட்டுப் போயிட்டான்.

வந்துச்சே ஆத்திரம். வாய்ஸ் மெசேஜ் போட்டேன் வளர்மதிக்கு. ஒரு எழுத்து விடாம இங்க எழுதி வைக்கிறேன், நான் சொன்னது நியாயம்தான்: "வளர்மதி, இது உனக்கே நல்லாருக்கா? நாலு காசு கூடக் கிடைச்சா எவன் வண்டியில வேணா ஏறிப் போயிடுவீங்களா? மானம் ரோஷம் எதுவும் கிடையாதா?" அதையே தெரு குரூப்பிலயும் தட்டி விட்டேன். கட்டைவிரலா வந்து குவியுது. பத்மா: "சரியாச் சொன்னீங்க மேடம். அந்த ஆள் யார்னு கண்டுபிடிச்சுக் கேக்கணும்." நான்: "கண்டிப்பா. நானே கேக்கறேன்."

சாயங்காலம் இவர் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. கையில ஒரு பொட்டலம் உளுந்து வடை. "உனக்குத்தான் வாங்கினேன்"ங்கறார். கல்யாணம் ஆனதுலேர்ந்து கேக்காம ஒரு வடை வாங்கித் தந்ததில்ல. நடவு எப்படின்னு கேட்டேன். "ஆச்சு, பாதி ஆச்சு." குளிக்கப் போயிட்டார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்னிக்கும் வரல.

பிடிவாதமா நானே ஸ்டூல் போட்டு உக்காந்து ஹாலைத் துடைச்சேன். பாதியில முட்டி பந்து மாதிரி வீங்கிப் போச்சு. எந்திரிக்க முடியல. மாப்புக் குச்சியை ஊனி எந்திரிச்சு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதேன். வலியில பாதி, ஆத்திரத்துல பாதி.

மத்தியானம் குடும்ப குரூப்புல இவர் ஒரு போட்டோ போட்டிருக்கார், ஷார்ஜாவுல இருக்கற பையனுக்கு. "நடவு முடிந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம்." பச்சைப் பசேல்னு வயல். வரிசையா பொம்பளைங்க, சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை மாட்டிக்கிட்டு, நிமிந்து நின்னு சிரிக்கறாங்க.

நடுவுல ஒரு நீலக் கட்டம்.

பெரிசு பண்ணிப் பாத்தேன். அதே சட்டை. அதே வளர்மதி. பக்கத்துல ராணி. கடைசி வீட்டுக்காரி. மாடி வீட்டுக்காரி. ஓரத்துல அந்தக் குட்டியானை.

தெருவே தேடுற ஆள் என் வீட்ல என் தட்டுல சோறு திங்கறான்!

இவர் வந்ததும் செருப்பைக் கழட்ட விடல. "நாத்து நிக்காது ஸ்டெல்லா. வீடு நிக்கும். ரெண்டு நாள் கழிச்சுத் துடைச்சா என்ன?" என்கிட்ட ஏன் சொல்லலை? "சொன்னா விடுவியா?" அவகிட்ட என்ன சொன்னீங்க? "அம்மாகிட்ட சொல்லியாச்சான்னு கேட்டா. சொல்லிட்டேன்னேன்."

அடப்பாவி மனுஷா. வீங்கின முட்டியைக் காட்டினேன். பாத்தார். தைலத்தை எடுத்துக்கிட்டு வந்தார். வாங்கித் தூர வச்சேன்.

செப்டம்பர் 3, புதன்

லேசா மழை. நல்ல வேளை, நட்டதுக்கு நல்லது. (இதை நான் ஏன் எழுதறேன்?)

காலையில வளர்மதி வந்தா. உள்ள வரல. கேட்டுக்கு வெளியவே நின்னா. கூட ராணி, முந்தானையால பாதி முகத்தை மூடிக்கிட்டு.

"திங்கக்கிழமை போனெல்லாம் வண்டியில பையில கிடந்துச்சும்மா. சாப்பாட்டு நேரத்துல எடுத்தா உங்க வாய்ஸு. என்னமோ முக்கியம்னு சத்தமாப் போட்டேன். ஏழு பேரும் கேட்டோம். ஐயாவும் பக்கத்துலதான் நின்னாங்க."

ஐயா என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலை. வரப்புல அந்தாண்ட நடந்து போயிட்டாங்க."

நடந்து போனாராம். பொண்டாட்டி ஏழு பேர் மானத்தை வாங்கறதைக் காதால கேட்டுட்டு, என் வண்டிதான்னு ஒரு வார்த்தை சொல்லாம, நடந்து போனாராம்! வடையில காலத்தை ஓட்டிடலாம்னு நினைப்பு.

அப்புறம்தான் ராணி கதை. அவ வரலைன்னு திங்கக்கிழமையே பத்மா வேலையை விட்டு நிறுத்தியாச்சு. பாக்கிச் சம்பளம் கேக்க ராணி வீட்டுக்காரன் போயிருக்கான். பத்மா என் மெசேஜை அவனுக்குப் போட்டுக் காட்டியிருக்கா. "எவன் வண்டியில ஏறிப் போனாளோ, எங்களுக்குத் தெரியாது"ன்னிருக்கா. அவன் ஏற்கனவே சந்தேகப் பேர்வழி. நேத்து ராத்திரி பூரா ரகளை, அடி.

ராணி முந்தானையை எடுக்கவே இல்ல. நானும் எடுக்கச் சொல்லல.

"நான் எப்படி வளர்மதி... எனக்கு யார் வண்டின்னு தெரியாதே"ன்னேன்.

"எங்களுக்குத் தெரியும்லம்மா. உங்க வயலுக்குத்தானே போறோம்னு நம்பி ஏறினோம்." கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. "தெருவுல சொல்லுங்க. எந்த வாயால சொன்னீங்களோ அதே மாதிரி, எல்லாரும் கேக்கற மாதிரி. அப்புறம் வாரேன். சம்பளம் ஏத்திக் கேக்கலை."

போயிட்டாங்க.

எனக்கு உத்தரவு! என் வீட்டு வாசல்ல நின்னு! தெருவுல எல்லாருக்கும் முன்னாடி என் புருஷனை நானே காட்டிக் கொடுக்கணுமாம். இத்தனை வருஷம் ஆபீசுல ஒருத்தர் ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்ல.

சாயங்காலம் இவரை ஹால் துடைக்கச் சொன்னேன். கோடு கோடா. காய்ஞ்சப்புறம் பாத்தா கோலம். நாளைக்குப் பதினாலு பேர் அதுல படுக்கணும்.

தரை கிடக்கட்டும். ராணியோட முந்தானைதான் கண்ணுக்குள்ள நிக்குது.

செப்டம்பர் 4, வியாழன்

வெயில் சுள்ளுனு.

காபி குடிச்சுட்டு போனை எடுத்தேன். ரெண்டு தடவை அழிச்சேன். மூணாவது தடவை நேரா தெரு குரூப்புல:

"நான் ஸ்டெல்லா பேசறேன். அன்னிக்கு எவன் வண்டின்னு கேட்டேன். அது என் வீட்டுக்காரர் பிடிச்ச வண்டி. எங்க பூதலூர் வயலுக்குத்தான் ஏழு பேரும் வந்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. திருட்டுத்தனம் பண்ணினது இவர்தான். பத்மா, ராணியோட வேலை போகக் கூடாது. போனா அதுக்குப் பொறுப்பு எங்க வீடு."

ஒரு கட்டைவிரல் வரணுமே! எல்லாரும் பாத்தாச்சு, ஒருத்தர் வாயைத் திறக்கல. இவர் பின்னாடி நின்னு கேட்டுட்டு, "திருட்டுத்தனம்ங்கறதை விட்டிருக்கலாம்"னார். "சட்டையைப் போடுங்க. ராணி வீட்டுக்குப் போய் அவ புருஷன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க, வண்டி நான் பிடிச்சது, அவங்களைக் கூட்டிட்டுப் போனது நான்னு. இந்தத் தடவையும் அந்தாண்ட நடந்து போனீங்கன்னா, அப்படியே போயிடுங்க"ன்னேன். போனார். திரும்பி வந்தார். முகம் கறுத்துக் கிடந்துச்சு. நல்லா வேணும்.

பத்து மணிக்கு வளர்மதி. வந்த வேகத்துல ஹால், ரூம், வராண்டா. சோபாவை இழுத்துப் போட்டு மூலை உட்பட.  பாத்ரூம் கதவைத் திறந்து பாத்தா, சாத்தினா. "இதை ஐயா கழுவட்டும்." இவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள போனார்.

மத்தியானம் பத்மா ராணியைக் கூப்பிட்டு விட்டாளாம், பாத்திரம் குமிஞ்சு போச்சு போல. யோசிச்சுச் சொல்றேன்னு ராணி சொன்னாளாம். சபாஷ்.

வேலை முடிஞ்சு வளர்மதிக்குக் காபி கொடுத்தேன். அவளை என் எதிர்லயே நாற்காலியில உக்கார வச்சேன். குரூப்புல போட்டது காதுல விழுந்துச்சான்னு கேட்டேன், கொஞ்சம் கெத்தாத்தான்.

"கேட்டோம்மா. ராணி வீட்டுக்காரனுக்கும் போட்டுக் காட்டினோம். எல்லாம் சரியாச் சொன்னீங்க." ஒரு மடக்குக் குடிச்சா. "ஐயா மேல தப்புன்னீங்க. எங்க மேல தப்பில்லைன்னீங்க. மானம் ரோஷம் இல்லையான்னு நீங்க கேட்டதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

என்ன சொல்லலை? எல்லாம் சொன்னேனே! போனை எடுத்து அவ முன்னாடியே மறுபடி போட்டேன். வண்டி இருக்கு, வயல் இருக்கு, புருஷன் இருக்கான், பத்மா இருக்கா. இன்னொரு தடவை போட்டேன்.

இல்ல.

அதுக்குள்ள வாசல்ல "மரியே வாழ்க"ன்னு சத்தம். பிலோமினா குரல்தான் முன்னாடி. "அண்ணீ, வந்துட்டோம்!" கேட்டைத் தட்டறாங்க. பாத்ரூமுக்குள்ளேர்ந்து இவர், "ஸ்டெல்லா, கதவைத் திற, வந்துட்டாங்க"ங்கறார்.

வளர்மதி டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சா, கேட்டைத் திறக்க.

"அவங்க ஒரு நிமிஷம் நிக்கட்டும். நீ உக்காரு"ன்னேன்.