இடப்பக்கத்து நட்டு

அன்பு மனைவி கோவிந்தம்மாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆரணியிலிருந்து சாயங்காலம் கிளம்பும்போது நம் ஊர் பஸ்ஸில் ஏறாதே. பக்கத்திலிருக்கும் பொன்னேரிக்கு வண்டி கட்டிப் போய், ரயிலில் கும்மிடிப்பூண்டி வா.

காலையில் அந்த பஸ் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளை எதிர்ப்பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும். எனக்குத் தெரியாததா? ஒன்று அசையவில்லை. கோபம் தலைக்கேறிவிட்டது. ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி, வழக்கமான பக்கமே ஏறி மிதித்தேன். உள்ளே போல்ட் விரிசல் விடும் சத்தம் கேட்டது. அதோடு நிறுத்தினேனா? அடுத்ததையும் மிதித்தேன்.

பிறகு கிரீஸைத் தடவி மறைத்துவிட்டேன். ஓடும்போது அந்தச் சக்கரம் கழன்றுவிடலாம்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது? "இன்னொரு தபா கோவத்த காட்டினா, ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்று போன வாரம்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டுக் கலியன் அண்ணன் ஆரணிக்கு வருகிறார். இதைக் கொண்டுபோக வாசலில் நிற்கிறார். "சீக்கிரம் எழுதுப்பா. நீ ரிப்பேர் பண்ண பஸ்லதான் போறோம். புள்ளைங்க ஏறிக் குந்திக்கினு இருக்குதுங்க" என்கிறார்.

கடிதத்தைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அவர் ஏறுவார். கொடுக்காவிட்டால் சாயங்காலம் நீயும் ஏறுவாய்.

ஹாரன் கேட்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கப் போகிறேன்.

உன் கோபக்காரன்